எட்டடி விறாந்தைக்கு ஒரு வளைவு: கணக்கும் கட்டும் முறையும்

யாழ்ப்பாணத்தில் புது வீடு கட்டுகிற பலர் முன் விறாந்தைக்கு வளைவு கேட்கிறார்கள். பழைய நாற்சார் வீட்டைத் திருத்துகிறவர்களுக்கோ ஏற்கெனவே நிற்கிற வளைவை விழாமல் காப்பாற்றுவதுதான் பிரச்சினை. இரண்டு பேருக்கும் மேசன்மார் சொல்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அது செய்யலாம், பயப்பிடாதேங்கோ." செய்யலாம்தான். ஆனால் எந்த வளைவைச் செய்யப் போகிறோம் என்பதை அத்திவாரம் வெட்டுவதற்கு முதலே தீர்மானிக்க வேண்டும்.

ஏனென்றால் வளைவில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று சுமக்கிற வளைவு. மேலே உள்ள சுவரும் கூரையும் அதில்தான் நிற்கும். உள்ளே கம்பி கிடையாது, கல்லும் சாந்தும் மட்டும். மற்றது தொங்குகிற வளைவு. மேலே நேரான கொங்கிறீற் பீம் ஒன்று போகும், அதற்குக் கீழே வளைவு வடிவம் அழகுக்கு ஒட்டப்பட்டிருக்கும். இன்றைய வீடுகளில் இருப்பதில் பெரும்பகுதி இரண்டாவது சாதி. அதில் பிழை ஒன்றும் இல்லை. தொங்குகிற வளைவுக்கான மெல்லிய தூண்களை வைத்துவிட்டு, செலவு குறைக்க பீமை விட்டு, "வளைவே தாங்கும்" என்று மேலே சுவரை எழுப்புவதுதான் பிழை.

அது ஏன் பிழை என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று காணும். நேரான பீம் தன் சுமையைத் தூணில் நேரே கீழ்நோக்கி இறக்கும். வளைவு அப்படி இறக்காது. கீழே அழுத்துவதோடு தூணை வெளிப்பக்கமும் தள்ளும். இந்த உதைப்பு எவ்வளவு என்று பார்க்க, வாய் அகலத்தை வளைவின் உயரத்தால் வகுத்து, வருவதை 8 ஆல் வகுத்து, மேலே உள்ள மொத்தப் பாரத்தால் பெருக்குங்கள். இங்கே உயரம் என்பது தரையிலிருந்து அல்ல. வளைவு தொடங்குகிற மட்டத்திலிருந்து உச்சியின் அடிப்பக்கம் வரை. பாரம் ஒரே சீராகப் பரவியிருக்கும்போது சரியாக வருகிற கணக்கு இது. வீட்டு வேலைக்கு ஒரு மதிப்புப் போட நல்லாகவே உதவும்.

8 அடி வாய் அகலம், 16 அங்குல உயரம் என்று எடுப்போம். 96 ஐ 16 ஆல் வகுத்தால் 6. அதை 8 ஆல் வகுத்தால் முக்கால். மேலே 9 அங்குலச் சுவர் 4 அடி உயரத்துக்கு நின்றால் அது 24 கன அடி, ஏறத்தாழ 1300 கிலோ. ஓட்டுக் கூரையின் பங்கையும் சேர்த்து 2 தொன் என்று வைத்தால், ஒவ்வொரு பக்கத் தூணையும் ஒன்றரைத் தொன் பக்கவாட்டில் தள்ளுகிறது. "வளைவு கொஞ்சம் தட்டையாக இருந்தால் வடிவு" என்று உயரத்தை 8 அங்குலமாகக் குறைத்தால் அதே வாசலில் உதைப்பு 3 தொன்னாகிவிடும். முழு அரைவட்டம் வைத்தால் உயரம் 48 அங்குலம், உதைப்பு அரைத் தொன்னுக்கு இறங்கும். சுவரும் கூரையும் மாறவில்லை. வடிவம் மட்டும்தான் மாறியது.

விறாந்தையில் நாலு வளைவு வரிசையாக வந்தால் நடுத் தூண்களுக்குப் பெரிய கவலை இல்லை. இடப்பக்க வளைவு தள்ளுவதை வலப்பக்க வளைவு திருப்பித் தள்ளும். கவனிக்க வேண்டியது இரண்டு ஓரத் தூண்களையும்தான். அவற்றுக்கு வெளியே எதிர்த்துத் தள்ள ஒன்றுமில்லை. ஓரத் தூணைச் சுவரோடு சேர்த்து நீளமாகக் கட்டலாம்; குறைந்தது அரைவட்டத்துக்கு வாய் அகலத்தில் காற்பங்கு, தட்டை வளைவுக்கு மூன்றிலொன்றுக்கு மேல். மாடி வருவதென்றால் இந்தக் கைவிதிகள் போதாது, இஞ்சினியரிடம் காட்ட வேண்டும். இடமில்லாவிட்டால் வளைவு தொடங்குகிற மட்டத்தில் தூணுக்குத் தூண் ஒரு 16 மி.மீ. இரும்புக் கம்பி பூட்டி, இரண்டு முனையிலும் 6 அங்குலச் சதுரத் தகடு வைத்து இறுக்கலாம். கண்ணுக்குப் படும்தான். உச்சிக்கு மேலே கொங்கிறீற் பெல்ற் (சுவர் நீளத்துக்குப் போகிற பட்டை) போட்டால் காணும் என்று நினைப்பவர்கள் உண்டு. உதைப்பு வருவது கீழே, தொடங்கு மட்டத்தில். மேலே போட்ட பெல்ற் அந்த இடத்தைப் பிடிக்காது.

யாழ்ப்பாணக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே போகிற வளைவுக் கூரையின் உதைப்பு இரண்டு பக்கமும் உள்ள பெருத்த மதிலுக்குள் போய் அடங்கிவிடுகிறது. நல்லூரில் சங்கிலியன் தோப்பு வாயில் இன்று தனியே நிற்கிறது. அதன் வாயையும் இரு பக்கக் கட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், வளைவு வைக்கிறவன் எங்கே கல்லைச் செலவழித்தான் என்று விளங்கும். இன்றைய 9 அங்குலத் தூணில் அந்த வளைவை அப்படியே எடுத்து வைக்க முடியாது.

ஆரை காண்பது

வட்டத் துண்டு வளைவுக்கு ஆரை காண்கிற சூத்திரம் சாதாரண தரக் கணிதத்தில் பைதகரஸ் தேற்றம் படித்த எவருக்கும் விளங்கும். வாய் அகலத்தை அதனாலேயே பெருக்கி, உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். எங்கள் வாசலுக்கு 96 தரம் 96 என்றால் 9216, 16 இன் 8 மடங்கு 128, வகுத்தால் 72, பாதி உயரம் 8. ஆரை 80 அங்குலம், அதாவது 6 அடி 8 அங்குலம். வட்டத்தின் மையம் தொடங்கு மட்டத்துக்கு 64 அங்குலம் கீழே விழும். 48, 64, 80 என்பது 3, 4, 5 முக்கோணம்தான். அதனால் உயரம் அகலத்தில் ஆறிலொன்றாக இருக்கும் வரை, எந்த அகலத்துக்கும் கணக்கு இப்படிச் சுத்தமாக வரும். தட்டை வளைவுக்கு ஆறிலொன்றை நல்ல அளவு என்று சொல்ல இதுவும் ஒரு காரணம். பத்திலொன்றுக்குக் கீழே போனால் உதைப்பும் கூடும், தூரத்திலிருந்து பார்க்க பீம் தொய்ந்துபோனதோ என்ற மயக்கமும் வரும்.

கீறுவதற்குச் சீமெந்துத் தரையில் முழு அளவில் கீறுவதே நல்லது. மையத்தில் ஆணி அடித்து நூல் கட்டிச் சுழற்றுகிறார்கள். தங்கூசி (நைலோன் நூல்) வேண்டாம், இழுக்க இழுக்க நீளும், வளைவின் ஒரு பக்கம் அரை அங்குலம் பெருத்துவிடும். நேரான ஒரு சலாகையில் 80 அங்குலத்தில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் ஆணி, மற்றதில் பென்சில் வைத்துச் சுழற்றினால் வில்லங்கமில்லை.

மையத்துக்கு இடமில்லாத வளவில் இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, நடுவிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் உயரம் அளந்து புள்ளி வைப்பது. எங்கள் வாசலுக்கு நடுவில் 16 அங்குலம், 1 அடி தள்ளி 15.1, 2 அடியில் 12.3, 3 அடியில் 7.4, 4 அடியில் பூச்சியம். சிலர் 16, 15, 12, 7 என்று மனக்கணக்காகப் போட்டுவிடுவார்கள். அது வட்டம் அல்ல, பரவளைவு. அரை அங்குலத்துக்குள்தான் வித்தியாசம் என்பதால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது; ஆனால் கல்லின் இணைப்புக் கோடுகளை 80 அங்குல மையத்திலிருந்து பிடித்தால் அவை வளைவுக்குச் செங்குத்தாக வராது. ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது வழி இதைவிட வடிவானது. தொடங்கு புள்ளிகள் இரண்டிலும் ஆணி அடியுங்கள். 8 அடிக்கு மேல் நீளமான இரண்டு சலாகைகளை உச்சிப் புள்ளியில் சந்திக்கிற மாதிரி, ஒவ்வொன்றும் ஓர் ஆணியைத் தொட்டபடி வைத்து, அந்தக் கோணத்திலேயே குறுக்குச் சட்டம் அடித்து இறுக்குங்கள். இனிச் சந்தியில் பென்சிலை வைத்து, இரண்டு சலாகையும் ஆணிகளை விட்டு விலகாமல் இடமும் வலமும் அரக்கினால் பென்சில் அதே வட்ட வில்லைக் கீறும். ஒரே வட்டத் துண்டத்தில் உள்ள கோணங்கள் சமம் என்ற தேற்றம்தான் இதில் வேலை செய்கிறது. சலாகை குட்டையாக இருந்தால் கடைசி அடியில் ஆணியை விட்டு நழுவிவிடும். அதனால்தான் வாய் அகலத்தைவிட நீளம் வேண்டும்.

நீள்வளைய வளைவு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 10 அடி வாய், 3 அடி உயரம் என்றால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 4 அடியில் ஆணி. இரண்டு ஆணிக்கும் இடையே 10 அடி நீளத்துக்குக் கட்டுக்கம்பி. அதைப் பென்சிலால் விறைப்பாக இழுத்துக்கொண்டு போனால் வடிவம் விழும். இதில் இணைப்புக் கோடுகள் நடு மையத்தை நோக்கிப் போகாது. அந்த இடத்திலிருந்து இரண்டு ஆணிக்கும் போகிற கோடுகளுக்கு நடுவாக, கோணத்தைச் சமமாகப் பிரிக்கிற கோட்டில் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் எல்லாக் கல்லையும் நடுவை நோக்கித் திருப்பினால் தோளில், அதாவது உச்சிக்கும் தொடங்கு மட்டத்துக்கும் இடையில், உள்ள கற்கள் சரிந்து நிற்பது பூசிய பிறகும் தெரியும்.

கூர் வளைவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உதைப்பு குறைவு, கட்டுவது சுகம். ஓட்டு விறாந்தைக்கு உயரம் போதாது.

அகலம் வேறுபடுகிற வரிசைதான் தலையிடி தரும். நடு வாசல் 8 அடி, பக்கத்து வாசல்கள் 6 அடி என்றால் எல்லா உச்சியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நிற்பார்கள். 6 அடிக்கும் 16 அங்குல உயரம் கொடுத்தால் ஆரை 48.5 அங்குலமாகச் சுருங்கும். பக்கத்து வளைவுகள் திரண்டும் நடு வளைவு படுத்தும் தெரியும். தொடங்கு மட்டத்தை ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறிலொன்று உயரம் கொடுத்தால் பக்கத்து உச்சிகள் 12 அங்குலத்தில் நிற்கும், நடு உச்சி 4 அங்குலம் மேலே போகும். வீட்டுக்கு முகம் எது என்று சொல்லாமலே தெரியும். எங்கள் தெரிவு இதுதான்.

பலகையும் கல்லும்

வளைவு இறுகும்வரை கல்லைத் தாங்கி நிற்கிற தாங்கு பலகைக்கு 12 மி.மீ. பிளைவூட்டில் ஒரே மாதிரி இரண்டு வளைவு வெட்டி, சுவர்த் தடிப்புக்கு ஒரு விரல் உள்ளே நிற்கிற மாதிரி இடைவெளி விட்டு, மேலே 2 அங்குலச் சலாகைகளை நெருக்கமாக அடிக்க வேண்டும். இங்கே மறக்கிற விஷயம் ஒன்று உண்டு: சலாகையின் தடிப்பு. முக்கால் அங்குலச் சலாகை என்றால் பிளைவூட்டை 79¼ அங்குல ஆரையில் வெட்ட வேண்டும். 80 இல் வெட்டினால் பலகை வாய்க்குள் இறங்காது. பிறகு தூணைக் கொத்துவார்கள்.

முட்டுக்குப் பனங்கட்டை காணும். ஆனால் முட்டுக்கும் பலகைக்கும் இடையில் ஆப்புகளைச் சோடியாக, ஒன்றின்மேல் ஒன்று எதிர்த்திசையில் வைக்க வேண்டும். தட்டித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதற்கு இது சுகமான வழி. ஆப்பில்லாமல் நேரே முட்டுக் கொடுத்தால் கழற்றும்போது சுத்தியலால் அடித்து விழுத்த வேண்டி வரும். அந்த அதிர்வு முழுதும் இன்னும் இறுகாத வளைவுக்குத்தான் போகும்.

அடுத்தது சாய்தளம். வளைவின் முதற்கல் மட்டமான தூணில் உட்காரக் கூடாது. மையத்தை நோக்கிய சாய்வில் உட்கார வேண்டும். எங்கள் 8 அடி வாசலில் அந்தச் சாய்வு, 3 அங்குலம் வெளியே போனால் 4 அங்குலம் மேலே. இந்த முக்கோணத்தைச் சாந்தால் நிரப்புவது வழக்கமாகிவிட்டது. அத்தனை உதைப்பும் வந்து சேருகிற இடத்தில் தடித்த சாந்து இருந்தால் அது காய்ந்து சுருங்கும், வளைவு முழுதும் கொஞ்சம் இறங்கும். ஒரு மரப் பெட்டி அடித்து, சல்லி சேர்த்த கொங்கிறீற்றில் சரியான சாய்வோடு ஒரு கல் வார்த்து வைப்பது அரை நாள் வேலைதான்.

இனிக் கல்லின் கணக்கு. 220, 105, 65 மி.மீ. செங்கல்லை நிமிர்த்தி, 65 மி.மீ. வளைவுவழியே வரும்படி, 220 மி.மீ. சுவர்த் தடிப்பில் வரும்படி வைக்கிறோம். 80 அங்குல ஆரையில் உள்வளைவின் நீளம் 103 அங்குலம், அதாவது 2615 மி.மீ. 37 கல் வைத்தால் கல்லுக்கு 2405 மி.மீ. போகும். மீதி 210 ஐ 38 இணைப்புகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 5.5 மி.மீ. அதே இணைப்பு வெளி விளிம்பில் 9 மி.மீ. ஆக விரியும். இது நல்ல இணைப்பு. கல்லை 220 மி.மீ. உயரத்துக்கு நிற்க வைத்து ஒரே வளையமாகக் கட்டினால் வெளி விளிம்பு இணைப்பு 13 மி.மீ. ஆகிவிடும், அவ்வளவு சாந்தும் சுருங்கும். அதனால் 105 மி.மீ. வளையம் இரண்டு, இடையில் 10 மி.மீ. சாந்து. இரண்டாவது வளையத்துக்கு 39 கல் வரும். மொத்தம் 76 கல். உடைவுக்கும் பழுதுக்கும் சேர்த்து 85 இறக்குங்கள்.

சின்ன அரைவட்டத்தில் இந்தக் கணக்கு வேறு மாதிரிப் போகும். 4 அடி வாசலுக்கு 27 கல் வைத்தால் உள்ளே இணைப்பு 6 மி.மீ. வரையில் இருக்க, வெளியே 17 மி.மீ. தாண்டும். இங்கே கல்லைக் கிறைண்டரால் ஆப்பு வடிவாகச் சீவித்தான் ஆக வேண்டும். "சாந்து நிரப்பினால் சரி" என்பது பூசி மூடுகிற வளைவுக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு. உள்ளே குழியுள்ள சீமெந்துக் கல்லும் வளைவுக்கு ஆகாது. பக்கச் சுவர் மெல்லியது, அழுத்தத்தில் நொறுங்கும். குழியில்லாத 4 அங்குலக் கல்லை அரைவாசியாக அறுத்துப் பாவிக்கலாம், தரமாக அரிந்த கல்லாக இருந்தால்.

சாந்துக்குச் சீமெந்து 1, நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை நல்லது. வெறும் சீமெந்துச் சாந்து கெதியில் விறைத்துவிடும். வளைவு பலகையை விட்டு இறங்கும்போது கொஞ்சம் இசைந்து கொடுக்கிற தன்மையைச் சுண்ணாம்புதான் தருகிறது. வடமராட்சிக் கிழக்கின் மணற்காட்டு மணல் காற்று அள்ளிக் குவித்த நைந்த மணல். பூச்சுக்கு வடிவாக வரும். கட்டுக்கு அதோடு பருமணல் கலக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து மணலென்றால் நல்ல தண்ணீரில் அலசாமல் தொடக் கூடாது. கரையோர ஊர்களின் உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொங்கிறீற்றுக்கும் பிறகு நனைப்பதற்கும் பாவித்தால் கம்பி உள்ளே துருப்பிடிக்கும், சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

கல்லைக் கட்டுமுன் நன்றாக நனைய விடுங்கள். முதலில் சாந்தில்லாமல் 37 கல்லையும் பலகைமேல் அடுக்கி, ஒரு கடதாசி நாடாவைப் பலகையின் முதுகில் ஒட்டி, ஒவ்வொரு கல்லின் இடத்தையும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கல்லுக்குக் கல் அளந்துகொண்டு போனால் ஒவ்வொன்றிலும் வருகிற அரை மி.மீ. பிழை சேர்ந்து சேர்ந்து கடைசியில் காற் கல் அளவுக்கு வந்து நிற்கும். எப்போதும் ஒரே தொடக்கத்திலிருந்து அளக்க வேண்டும். கட்டும்போது இரண்டு பக்கமும் சமமாக ஏற வேண்டும். இடப்பக்கம் ஐந்து கல், வலப்பக்கம் ஐந்து கல். ஒரு பக்கமே ஏறினால் பலகை மற்றப் பக்கம் சரியும். இரண்டு பக்கமும் ஏறி உச்சி வெறுமையாகக் கிடக்கும்போது பலகையின் உச்சி மேலே கிளம்பப் பார்க்கும். அங்கே பத்துக் கல்லைச் சும்மா அடுக்கி வையுங்கள், அது அடங்கி நிற்கும்.

உச்சிக் கல்லை அடித்து இறக்கக் கூடாது. மூன்று பக்கமும் சாந்து தடவி, மெல்லத் தட்டி உட்கார்த்தினால் காணும். சுத்தியலால் அடித்தால் வளையம் முழுதும் தூக்கிக்கொண்டு தோளில் வெடிக்கும். இணைப்புகள் முழுதாகச் சாந்து நிறைந்திருக்க வேண்டும். சாந்தகப்பையால் விளிம்பில் மட்டும் தடவி உள்ளே வெறுமையாக விட்ட வளைவு வெளியிலிருந்து பார்க்க அருமையாகத்தான் இருக்கும்.

பலகையை ஒரு கிழமைக்கு முதல் தொட வேண்டாம். பிறகு ஆப்புகளை எல்லா இடத்திலும் சமமாகத் தட்டி, கால் அங்குலத்துக்கும் குறைவாக இறக்கி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். புது வெடிப்பு இல்லையென்றால் கழற்றலாம். இரண்டு கட்டளைகளை இங்கே மீறக் கூடாது. வரிசையாக வளைவுகள் இருந்தால், எல்லாம் கட்டி முடியும்வரை ஒன்றிலும் பலகை கழற்றக் கூடாது. பக்கத்து வளைவு இல்லாத நடுத் தூண் அந்த நேரத்தில் ஓரத் தூண்தான். அரைவட்டத்தில், பலகை கழற்று முன் இரண்டு தோளிலும் வளைவின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவரை நிரப்பிவிட வேண்டும். அரைவட்டம் இறங்கும்போது உச்சி அமுங்கி, தோள் வெளியே பிதுங்கும். அந்த நிரப்புச் சுவர்தான் தோளைப் பிடித்து வைத்திருக்கும்.

தொங்குகிற வளைவு

பீமுக்குக் கீழே வளைவு வடிவம் மட்டும் வேண்டுமென்றால், பீமை வார்க்கும்போதே கீழே கம்பித் துண்டுகளை நீட்டிவிடுவது உத்தமம். பிறகு துளைபோட்டு ஒட்டுவது இரண்டாந்தரம். கம்பிவலையைக் கட்டி, பூச்சை ஒரு தரத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றாமல், முதற் பூச்சு இறுகிய பிறகு அடுத்ததை ஏற்றவும். மூன்றங்குலப் பூச்சை ஒரே நாளில் அப்பினால் அது தன் பாரத்திலேயே பிரியும். விழுகிற இடம் வாசல் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பீமையே வளைத்து வார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது கம்பி. வளைந்த பீமின் கீழ்க்கம்பியும் வளைந்துதான் போகும். பாரம் வந்து அது இழுபடும்போது நிமிரப் பார்க்கும். நிமிர்ந்தால் கீழே உள்ள ஒரு அங்குலக் கொங்கிறீற்றைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அதனால் சுற்றுக்கம்பிகளை நேர் பீமைவிட நெருக்கமாகப் போட்டு, கீழ்க்கம்பியை ஒவ்வொன்றிலும் கட்ட வேண்டும். சின்ன ஆரை என்றால் கம்பி விவரத்தை இஞ்சினியர் கீறித் தர வேண்டும்; குத்துமதிப்புக்கு இங்கே இடமில்லை.

பழைய வளைவில் வெடிப்பு

வெடிப்பு எங்கே, எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். உச்சியில் அடிப்பக்கம் விரிந்து, கால்களுக்குக் கிட்ட மேற்பக்கம் விரிந்திருந்தால் தூண்கள் வெளியே விலகியிருக்கின்றன. நேர்மாறாக, உச்சியில் மேற்பக்கம் வாய் திறந்திருந்தால் தூண்கள் உள்ளே நெருங்கியிருக்கின்றன, இது அபூர்வம். ஒரு பக்கத் தோளிலிருந்து சுவரில் படிப்படியாக ஏறுகிற சரிவு வெடிப்பு, அந்தப் பக்கத் தூண் கீழே இறங்கியதைச் சொல்கிறது. யாழ்ப்பாணத்து நிலத்தில் செம்மண் ஆழமில்லாத இடமும் உண்டு, கீழே சுண்ணாம்புக் கல் தண்ணீரில் கரைந்து பொந்தான இடமும் உண்டு. ஒரே வீட்டின் இரண்டு தூண்கள் இரண்டு விதமான நிலத்தில் நிற்பது புதினமில்லை.

நீண்ட காலம் கூரையில்லாமல் கிடந்த வீடுகளில் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும். சுவரின் தலை திறந்து கிடந்து, மாரி மழை உள்ளே இறங்கி, சுண்ணாம்புச் சாந்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். ஆலங்கன்றும் அரசங்கன்றும் அந்தப் பொந்தில்தான் முளைக்கும். அவற்றைப் பிடுங்கக் கூடாது; வேர் கல்லையும் கூட்டிக்கொண்டு வரும். அடியோடு வெட்டி, வேர் செத்துக் காய்ந்த பிறகு பொந்தை நிரப்ப வேண்டும்.

வெடிப்பு இன்னும் ஓடுகிறதா என்று தெரியாமல் கை வைக்க வேண்டாம். வெடிப்பின் இரண்டு கரையிலும் ஓர் ஆணியை அடித்து, இடைத் தூரத்தை அளந்து, திகதியோடு சுவரிலேயே எழுதிவிடுங்கள். கோடையில் ஒரு தரம், மாரி முடிந்து ஒரு தரம் அளந்தால் போதிய விடை கிடைக்கும். ஓடாத வெடிப்பை நிரப்பினால் காணும். ஓடுகிற வெடிப்பை நிரப்புவது வீண். தூணைப் பிடிக்க இரும்புக் கம்பியோ அத்திவார வேலையோ தேவை. எந்த வேலைக்கும் முதல், வளைவின் இன்றைய வடிவத்துக்கே பலகை வெட்டிக் கீழே கொடுக்க வேண்டும். அமுங்கிய உச்சியைப் பழைய இடத்துக்குத் தூக்குகிறேன் என்று ஆப்பை இறுக்கினால் தோளில் புதிதாக வெடிக்கும். தொட்டு நிற்கிற அளவுக்கு இறுக்கினால் போதும்.

பழைய சுண்ணாம்புக் கட்டில் சீமெந்தைப் பூசுவதுதான் இந்த ஊரில் அதிகம் நடக்கிற சேதம். பழைய கட்டடங்களில் முருகைக்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தோடு சேர்ந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருந்தன. இணைப்பைச் சீமெந்தால் மூடினால் ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும். அதோடு வருகிற உப்பு கல்லின் தோலில் படிந்து பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். சில வருடத்தில் சீமெந்துக் கோடு துருத்திக்கொண்டு நிற்கும், கல் உள்ளே போயிருக்கும். மாற்றுக் கல் தேவைப்பட்டால் இடித்த கட்டடத்துக் கல்லைத் தேடுங்கள். கடற்கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை.

இணைப்பைத் திருத்த, பழைய சாந்தை இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு உளியால் சுரண்டி, தூசியை ஊதி, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். சுண்ணாம்புக் களி 1, கழுவிய பருமணல் 3. பையில் வருகிற நீற்றிய சுண்ணாம்பு என்றால் முதல் நாளே தண்ணீரில் ஊறவிட்டுக் களியாக்கிக்கொள்ளுங்கள். சூளைச் சுண்ணாம்பை நீற்றுவதாக இருந்தால் அவசரப்படக் கூடாது. நீறாத சிறு கட்டிகள் பூசிய பிறகு ஈரம் பிடித்து ஊதி, சுவரில் அம்மைத் தழும்புபோல் குழி குழியாக வெடித்து விழும். சல்லடையில் வடித்து, வாரக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் வைத்திருங்கள். ஒரு தரத்துக்கு 10 மி.மீ. தடிப்புக்கு மேல் நிரப்பாமல், ஒவ்வொரு படையையும் அழுத்தி, மேற்படையை மறுநாளோ அதற்கு மறுநாளோ போடவும்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும். அதற்கு ஈரமும் வேண்டும். வைகாசியிலிருந்து வீசுகிற சோளகக் காற்றில் பூசிய சாந்து ஒரு மத்தியானத்திலேயே காய்ந்து மாவாகிவிடும். மாரியில் செய்தால் இறுக முதல் கழுவுப்படும். இந்த வேலைக்குத் தை, மாசி தோதான மாதங்கள். அப்போதும் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். பலகையை ஒரு மாதத்துக்காவது கழற்ற வேண்டாம். சுண்ணாம்பு சீமெந்தைப்போல் ஏழு நாளில் பலம் பிடிக்காது.